ஆறக்கூடாத ரணம்

என் தகப்பனார் தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருபத்தெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்தார். கொடைக்கானலுக்குக் கீழே, பழனி மலைத் தொடரின் தாழ்ந்த மடிப்புகளில், காப்பியும் கமலா ஆரஞ்சும் மலைவாழையும் மிளகுக் கொடியும் ஒன்றின் நிழலில் ஒன்றாக வளர்ந்த அந்தத் தோட்டத்தின் பற்று வரவு முழுவதும் அவருடைய கையெழுத்தில்தான் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், கடுகு போன்ற சிற்றெழுத்தில், ஒரு புள்ளியும் பிசகாமல் அவர் பேரேடு எழுதுவதைப் பார்த்தவர்கள் அவருடைய கண்ணில் குறை உண்டென்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அதே மனிதர் எழுந்து நடக்கும்போது நிலையில் தோளை இடித்துக்கொள்வார். இடப்பக்கம் வைத்த காப்பித் தம்ளரைக் கைபட்டுக் கவிழ்ப்பார். பாதை ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்ட தொழிலாளியைப் பார்க்காமலே கடந்துபோவார். "உங்க அப்பாவுக்கு எந்நேரமும் கணக்கு நினைப்புத்தான்" என்று என் தாயார் சொல்லுவார். தோட்டத்து ஜனங்களோ, கணக்கப்பிள்ளைக்குக் கர்வம் வந்துவிட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

1964ஆம் வருஷம் கார்த்திகை மாதத்து மழையில், பழம் அரைக்கும் கொட்டகையிலிருந்து வீட்டுக்கு வரும் ஒற்றையடிப் பாதையில், இருபத்தெட்டு வருஷம் நடந்து பழகிய அந்தப் பாதையிலேயே, காலை வெளியே வைத்துப் பள்ளத்தில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எலும்புக்குக் கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்த சமயம், கட்டிலின் இடப்பக்கம் நின்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்த ஓர் இளம் டாக்டர், "நான் நிற்பது உங்களுக்குத் தெரியவில்லையா ஐயா?" என்று கேட்டார். வியாதி வெளிப்பட்டது அந்த ஒரு கேள்வியினால்தான். ஒரு கண்ணில் நரம்பு ஏறக்குறைய முழுவதும் பட்டுப்போயிருந்தது. மற்றதில் சாவித் துவாரத்தின் வழியாகப் பார்க்கிற அளவுக்கு நடுப்பார்வை மட்டும் எஞ்சியிருந்தது. அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் அவர் அத்தனை வருஷமும் பேரேடு எழுதிவந்திருக்கிறார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் நான். 'போனது வராது' என்று அந்த டாக்டர் மிகவும் தணிந்த குரலில் சொன்னதும், என் தகப்பனார் அதற்குப் பதிலாக, கையொப்பமிட வேண்டிய சம்பளப் பட்டியலை நினைவுபடுத்திக்கொண்டு என்னை ஊருக்கு அனுப்பியதும் இன்றைக்கும் என் ஞாபகத்தில் மாறாமல் இருக்கின்றன.

கிளாக்கோமா என்ற அந்த வியாதியோடு நாற்பது வருஷத்துக்கு மேல் நான் பழகியிருக்கிறேன். அதன் இயல்பை நோயாளிகளுக்கு விளக்குவதற்கு நான் கையாண்ட உபாயம் எங்கள் சீமையின் பாஷையிலேயே கிடைத்தது. மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் ஏரியைக் கண்மாய் என்பது வழக்கம். கண்மாய்க்கு வரத்துக் கால் உண்டு. மிகுந்த நீர் வழிந்தோடக் கலிங்கு உண்டு. இரண்டும் ஒத்திருக்கும்வரை கரைக்குப் பயமில்லை. கண்ணுக்குள்ளும் ஒரு தெளிந்த நீர் இடைவிடாமல் ஊறுகிறது. நிமிஷத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோ லிட்டர். நாள் முழுவதும் ஊறியதைச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிரம்பாது. கருவிழிக்கும் அதன் பின்னே திரை போலிருக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட கோணத்தில், சல்லடை போன்ற ஒரு திசுவின் வழியாக அந்த நீர் வடிந்து இரத்தத்தில் கலந்துவிடும். இந்தக் கலிங்கு தூர்ந்துபோனால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கண்மாயாக இருந்தால் கரை உடையும், ஊரெல்லாம் கூடும். கண்ணிலோ சப்தமில்லாமல் பின்னாலிருக்கும் பார்வை நரம்பு சாகிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கொண்ட அந்த நரம்பில், ஓரத்துப் பார்வைக்குரிய இழைகள் முதலிலும் நடுப்பார்வைக்குரியவை கடைசியிலுமாகப் பட்டுப்போவதால், வலியுமின்றி, சிவப்புமின்றி, மனிதன் தன் கண்ணை முக்கால் பங்கு இழந்த பிறகும் எழுத்து வாசித்துக்கொண்டிருக்கிறான்.

திடீரென்று கோணம் முழுவதும் மூடிக்கொள்ளும் இன்னொரு வகையும் உண்டு. அதில் தாங்கமுடியாத தலைவலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வானவில்லும் தோன்றும். அதைப் பித்தமென்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு, விடிந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வகையாவது கூச்சலிட்டு வருகிறது. கூச்சலிடாத வகைதான் என் ஆயுளைக் கேட்டது.

மதுரையில் வைத்தியப் படிப்பை முடித்துவிட்டு, கண் வைத்தியம் கற்க 1974இல் சென்னைக்குப் போனேன். எழும்பூர்க் கண்ணாஸ்பத்திரி 1819இல் தோன்றியது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான், என் தகப்பனாரின் வியாதிக்கு உலகமெங்கும் பல காலம் செய்யப்பட்டுவந்த ரணசிகிச்சை ஒன்று அந்த வளாகத்திலேயே உருவானது என்று தெரிந்துகொண்டேன். அங்கே மேலதிகாரியாயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், வெண்விழியும் கருவிழியும் சேருமிடத்தில் சிறு வட்ட உளியால் ஒரு துளையிட்டு நீருக்குப் புதுவழி காட்டும் முறையை 1909இல் செய்யத் தொடங்கினார். அதை விவரித்து 1913இல் புத்தகமும் எழுதினார். அவர் பெயரால் ஒரு கட்டிடம் அங்கே நிற்கிறது. மலையிலிருந்து போன எனக்கு இன்னொன்றும் மனத்தில் பட்டது. அதே 1909இல்தான் எங்கள் கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தில் ஜான் எவர்ஷெட், சூரியக் களங்கங்களின் மங்கிய விளிம்பில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். ஒருவர் கடற்கரைப் பட்டணத்தில் கண்ணிலிருந்து நீரை வெளிநோக்கி ஓடச் செய்தார்; மற்றொருவர் மலை உச்சியிலிருந்து சூரியனில் வெளிநோக்கி ஓடும் பிரவாகத்தைக் கண்டார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். இருந்தாலும் ஊர் ஞாபகம் வந்த இரவுகளில் அந்த இரண்டு மனிதர்களையும் சேர்த்து நினைப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எலியட்டின் துளைக்கு மேல் மெல்லிய சவ்வைத் தவிர வேறு காப்பு இல்லாததால், நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்து கண் தளர்ந்துபோவதும், பல வருஷம் கழித்துக்கூடக் கிருமி புகுவதும் நேர்ந்தன. 1968இல் இங்கிலாந்தில் கேர்ன்ஸ் என்பவர் அந்தத் துளைக்கு ஒரு கதவு வைத்தார். நான் கைக்கொண்டதும் அந்த முறைதான். மேலிமைக்குக் கீழே சவ்வை உயர்த்தி, வெண்விழியின் பாதிக் கனத்துக்கு நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் சிறு கதவு ஒன்றை வெட்டவேண்டும். அதைத் திறந்து, அடியில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்படாத ஜன்னல் ஒன்றை எடுக்கவேண்டும். ஐரிஸிலும் ஒரு சிறு துளை. பிறகு கதவைச் சார்த்தி, தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையால் இரண்டு மூன்று தையல். இந்தத் தையலில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது. இறுகிப்போனால் அழுத்தம் பழையபடி ஏறும். தளர்ந்துபோனால் கண் வற்றிய கண்மாய்போல் ஒடுங்கும்.

ஆனால் உண்மையான எதிரி தையல் அல்ல. ரணசிகிச்சை செய்பவர்கள் எல்லோரும், தாங்கள் வெட்டிய ரணம் சீக்கிரம் ஆறவேண்டும் என்று கடவுளை வேண்டுவார்கள். சரீரமும் அதற்கு ஒத்துழைக்கும். நாங்கள் மாத்திரம், வெட்டிய வழி ஆறி அடைபட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறோம். சரீரம் எங்களோடு ஒத்துழைப்பதில்லை. இளவயதுக்காரர்களிடத்தில் தழும்பு வெகு வேகமாக வந்து கதவை மூடிவிடும். புற்றுநோய்க்குப் பயன்படும் மைட்டோமைசின் என்ற மருந்தைப் பஞ்சில் தோய்த்து, இரண்டு மூன்று நிமிஷம் அந்த இடத்தில் வைத்துக் கழுவிவிடும் வழக்கம் 1990களில் எங்களிடம் வந்தபோது, நான் பழைய கேஸ்களின் நோட்டைப் புரட்டி, இது முன்பே இருந்திருந்தால் இன்னார் இன்னாருக்குக் கண் நிலைத்திருக்கும் என்று கணக்குப் பார்த்து வருந்தினேன். அதற்கும் அடங்காத கண்களுக்கு ஒரு நுண்ணிய குழாயைப் பொருத்துவதுண்டு. அந்நிய நாட்டிலிருந்து வந்த குழாய் எங்கள் நோயாளிகளின் விலைக்கு எட்டாதது. பிற்காலத்தில் மதுரையில் ஆரோலாப் அதையொத்த ஒன்றைக் குறைந்த விலையில் செய்துகொடுத்தது பெரிய உபகாரம்.

மதுரையில் நான் மாணவனாயிருந்த காலத்தில், கண் வைத்தியப் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களுக்கேற்ப ஆயுதங்களை அமைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கில் புரை எடுத்து, ஓய்வு பெற்றதும் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அந்த மகானைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புரை வைத்தியத்தின் பாக்கியம் என்னவென்றால், மறுநாள் கட்டை அவிழ்க்கும்போது கிழவி பேரனின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். டாக்டர் கண்ணிலும் நீர் வருகிறது. எங்கள் வைத்தியத்தில் கட்டை அவிழ்த்த மறுநாள் நோயாளி கேட்பது, "ஒண்ணும் கூடலையே சாமி?" என்பதுதான். பல பேருக்குச் சில வாரம் முன்னைவிட மங்கலாகக்கூட இருக்கும். இருப்பதைக் காப்பாற்றத்தான் வெட்டினோம், போனதைக் கொண்டுவர அல்ல என்று ஆபரேஷனுக்கு முன் மூன்று தடவை சொல்லியிருப்பேன், தலையாட்டியிருப்பார்கள், இருந்தாலும் ரண வேதனை பட்டவன் பலனை எதிர்பார்ப்பது மனித சுபாவம். அவர்கள் ஏமாந்து எழுந்துபோவதை உட்கார்ந்து பார்க்கும் சக்தியை நான் வெகு நாள் கழித்துத்தான் பெற்றேன்.

என் மீதான குற்றம் ஒன்றையும் இங்கே எழுதவேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்து ஏழெட்டு வருஷமான சமயம், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கண் முகாம். முந்நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். என் மனமெல்லாம் புரையைத் தேடிக்கொண்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு வண்டிக்காரர் வந்தார். இரண்டு கண்ணிலும் கடைசி வரிவரை வாசித்தார். "ராத்திரியில வண்டி ஓட்டுறப்ப மாடு இடறுது, எனக்குத் தெரிய மாட்டேங்குது ஐயா" என்றார். கண் நன்றாயிருக்கிறது பெரியவரே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பேரேடு வாசித்த என் தகப்பனார் எதிரே வந்து நின்றதுபோல் அவர் நின்றிருந்தார், எனக்குத் தெரியவில்லை. விளக்கைப் பிடித்துக் கண்ணின் ஆழத்தில் நரம்பின் முகத்தைப் பார்த்திருந்தால், அது குழிந்து வெளுத்திருப்பது அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து மகன் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். என்னை அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை; அவரை நான் கண்டுகொண்டேன். அதன் பிறகு, எத்தனை நீள வரிசையானாலும், நாற்பது வயது தாண்டிய ஒருவரையும் நரம்பைப் பார்க்காமல் நான் எழுந்து போகவிட்டதில்லை. தென் தமிழ்நாட்டின் மூன்று ஜில்லாக்களில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5,150 கிராமவாசிகளைப் பரிசோதித்து அரவிந்த் வைத்தியர்கள் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி, நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருப்பதையும், அவர்களுள் கூச்சலிடாத வகை கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் அதற்கு முன் அதை அறியவே இல்லை என்பதையும் காட்டியது. அந்தத் தொண்ணூற்று மூன்றில் என் வண்டிக்காரரைப் போன்றவர்கள், ஒரு வைத்தியனின் எதிரே உட்கார்ந்து எழுந்து போனவர்கள், எத்தனை பேரோ என்று எண்ணி, அதை வாசித்த இரவு தூக்கமில்லாமல் கிடந்தேன்.

கோபம் வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. கண் அரிப்புக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, ஒரே நாளில் அரிப்பைத் தணித்துவிடும். சுகம் கண்டவர்கள் சீட்டு இல்லாமலே மாதக்கணக்கில் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். சிலருடைய கண்ணில் அதுவே கலிங்கை அடைத்து அழுத்தத்தை ஏற்றிவிடும். வெயில் காலந்தோறும் கண் சிவந்து அரிக்கும் பதினான்கு வயதுப் பையன் ஒருவனை, அவனுடைய தாய், பள்ளிக்கூடத்தில் பந்து பிடிக்கத் தெரியாமல் அடி வாங்குகிறான் என்று அழைத்துவந்தாள். நான்கு வருஷமாக அந்த மருந்தை வாங்கிப் போட்டவளும் அவள்தான். பிள்ளையின் கஷ்டம் தீரவேண்டுமென்று கூலிக் காசில் வாங்கிய மருந்து! அவளிடம் நான் எப்படிச் சொல்வேன்? இன்றும் எந்த மருந்துக் கடையில் நின்றாலும் கண் மருந்துகள் அடுக்கிய இடத்தை என் கண் தேடுகிறது. சீட்டில்லாமல் ஒருவர் அதைக் கேட்டால் நான் குறுக்கே பேசிவிடுகிறேன்.

மலை மாத்திரமே கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்றும் உண்டு. விழித்திரை கிழிந்தவர்களுக்கு, ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பி அனுப்புவார்கள். அது சில வாரங்களில் தானே கரையும். கீழே சமவெளியில் அப்படி ஆபரேஷன் செய்துகொண்ட கொடைக்கானல்வாசி ஒருவர், ஆகாய விமானத்தில் ஏறக்கூடாது என்று சொன்னதை ஞாபகமாகக் கேட்டுக்கொண்டு, வத்தலக்குண்டில் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பினார். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் 2,133 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது; கண்ணுக்குள்ளே அடைபட்ட வாயு ஏறக்குறையக் கால் பங்கு விரிகிறது; விரிய இடமில்லாத கண்ணில் அழுத்தம் எங்கேயோ போய்விடுகிறது. வீடு சேர்ந்ததும் கண் வெடிப்பதுபோல் வலியும், வெளிச்சமே தெரியாத இருட்டும். அவருடைய தம்பி எனக்கு டெலிபோன் செய்தார். மருந்தையும் தேட வேண்டாம், என்னையும் தேட வேண்டாம், இந்தக் க்ஷணமே ஜீப்பில் வைத்துக் கீழே இறங்குங்கள் என்றேன். பெருமாள்மலை தாண்டியபோது வலி சற்றுத் தணிந்ததாகவும், டம்டம் பாறைக்கு வரும்போது ஹெட்லைட் வெளிச்சம் தெரிவதாகவும் தம்பி பிற்பாடு சொன்னார். ஊசியால் கொஞ்சம் வாயுவை வெளியேற்றி, வாயு முழுவதும் கரையும்வரை திண்டுக்கல்லில் உறவினர் வீட்டிலேயே தங்கவைத்தோம். மலையேறும் பஸ்ஸும் ஆகாய விமானந்தான் என்று அது முதல் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இந்நோய் குடும்பத்தில் இறங்குவது. உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் அவசியம் பரிசோதிக்க வேண்டும். நான் படித்து முடித்ததும் முதலில் அழுத்தம் பார்த்தது என் தம்பி தங்கைகளுக்குத்தான். தம்பிக்கு முப்பத்தெட்டாவது வயதில் தொடங்கியது. பிடித்துவிட்டோம். எனக்கு ஐம்பத்தொன்றில். இரவு ஒன்பது மணிக்கு நானும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டுதான் படுக்கிறேன்.

பூம்பாறை அம்மாளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாளாகப் பார்த்துக் கொடைக்கானலில் நான் நோயாளிகளைப் பார்த்துவந்தேன். 1994இல், மலையெங்கும் குறிஞ்சி பூத்திருந்த சமயம், பூண்டு மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு அவர் வந்தார். நாற்பத்தாறு வயது. படிப்படியாக வெட்டிய பூண்டு வயலில் வரப்பு தெரியாமல் இரண்டு தடவை விழுந்துவிட்டாராம். அழுத்தம் ஒரு கண்ணில் முப்பத்தெட்டு, மற்றதில் முப்பத்து நான்கு. இருபத்தொன்றுக்கு மேல் போகலாகாது. கண்மாய்க் கதை அங்கே எடுபடாது. மலையில் கண்மாய் ஏது? வயலில் தண்ணீர் தேங்கினால் பூண்டு அழுகாதா ஆத்தா, வாய்க்காலை வெட்டிவிட வேண்டாமா என்று கேட்டேன். உடனே புரிந்துகொண்டார். இரண்டு கண்ணுக்கும் ஒரு மாத இடைவெளியில் வாய்க்கால் வெட்டினேன். ஒன்று நிலைத்தது, மற்றதில் தழும்பேறி இரண்டாம் தடவை செய்ய நேர்ந்தது. சொட்டு மருந்தைக் குழந்தை வேலப்பர் படத்தின் பக்கத்தில் வைத்திருப்பதாகவும், சாமி கும்பிடும்போது மறக்காமல் விடுவதாகவும் சொன்னார். நான் எத்தனையோ உபாயம் சொல்லித் தோற்றிருக்கிறேன். அவர் கண்டுபிடித்த அந்த உபாயத்தைப் பிறகு எத்தனையோ பேருக்குச் சொன்னேன்.

2006இல், அடுத்த குறிஞ்சியில், நான் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலுக்கே குடிவந்துவிட்டேன். அவர் வந்தார், பார்வை வரைபடத்தை 1994ஆம் வருஷத்து வரைபடத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கறுத்த இடம் நகரவில்லை. 2018இல், மறுபடியும் சரிவுகளெல்லாம் நீலம் ஏறிக்கிடந்த ஒரு காலையில், எழுபது வயதில், துணைக்கு ஒருவருமில்லாமல், பஸ் நிலையத்திலிருந்து என் வீட்டு மேட்டுக்குத் தாமாகவே ஏறி வந்தார். மூன்று வரைபடங்களையும் ஜன்னலோரத்து மேஜையில் பரப்பிவைத்து நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையிழந்து, "என்ன சாமி, இருபத்து நாலு வருசமா மருந்து விடறேன், அப்ப எம்புட்டுத் தெரிஞ்சதோ அம்புட்டுத்தானே இன்னைக்கும் தெரியுது, ஒரு பொட்டுக்கூடக் கூடலையே?" என்று மனத்தாங்கலோடு கேட்டார். ஆமாம் ஆத்தா, அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லி, அதே மருந்தை அதே அளவில் மறுபடியும் எழுதிக்கொடுத்து, கேட்டுவரை போய், அவர் மேட்டிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் கிடந்த கல்லைப் பார்த்து விலகி, மூட்டையை இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஏரிப் பக்கத்துப் பாதையில் அவர் திரும்பினார்.